சீயக்காய் வந்த வழி

‘வீட்டிலேயே செய்தது’ என்று யாராவது ஒரு சீயக்காய்த்தூள் பொட்டலத்தை நீட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு குடைச்சல்: வீட்டில் என்னதான் செய்தார்கள்? பறித்தது காட்டில். காய்ந்தது பாறையில். கைமாறியது சந்தையில். அரைபட்டது மில்லில். வீட்டுக்கென்று மிஞ்சியது, மொட்டை மாடி வெயிலில் பரப்பி எடுத்ததும், அரைத்து வந்ததைச் சலித்து டப்பாவில் அடைத்ததும்தான். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கடைசி ஓட்டத்தில் சொதப்பினால் முன்னால் நடந்தது அத்தனையும் வீண். ஆனால் பெருமையைப் பங்கு போடுவதென்றால் கொடியின் அடியிலிருந்து தொடங்குவதுதான் முறை.

அந்தக் கொடியைப் பார்க்காதவர்கள்தான் நம்மில் அதிகம். மல்லிகை, அவரை அளவில் எதிர்பார்த்துப் போனால் பக்கத்திலேயே நின்றாலும் அடையாளம் தெரியாது. அடித்தண்டு கட்டையாக முற்றிவிடும். பக்கத்து மரத்தைப் பிடித்து ஏறி, உச்சியில் வெயில் கிடைக்கிற இடத்தில் படர்ந்துகொள்ளும். ஏறுவதற்கு அது நம்பியிருப்பது முள்ளை. நுனி பின்னோக்கி வளைந்த சின்னச் சின்ன முட்கள் தண்டு நெடுகவும் இலைக்காம்பிலும் இருக்கும். கையை உள்ளே விடும்போது ஒன்றும் தெரியாது. வெளியே இழுக்கும்போதுதான் பிடித்துக்கொள்ளும். இலை புளியிலையின் சாயலில் பொடிப்பொடியாக இருக்கும். கொழுந்தை மென்றால் வாய் புளிக்கும். பூ சின்ன உருண்டை. தாவரவியலார் வெகுகாலம் இதை அகேசியா கான்சின்னா என்று எழுதினார்கள். இப்போது செனகாலியா ருகாட்டா என்கிறார்கள். காட்டில் பறிக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

காய் பச்சையாக இருக்கும்போது சதைப்பற்றோடு தடித்திருக்கும். விதை இருக்கிற இடம் புடைத்து, இடையில் சற்று ஒடுங்கியிருக்கும். முற்றிக் காய ஆரம்பித்ததும் மேல்தோல் சுருங்கிச் செம்பழுப்பாகிறது. கல்வராயன் மலை, சவ்வாது மலை, சத்தியமங்கலம் காடு, நீலகிரிச் சரிவு என்று நம் மலைகளில் பரவலாகக் கிடைக்கிறது. தை பிறந்த பிறகு, பனி விலகி வெயில் ஏறும் மாதங்களில்தான் பறிப்பு. எட்டுகிற உயரத்தில் காய்ப்பது குறைவு. துரட்டி போட்டு இழுக்க வேண்டும், இல்லையென்றால் தாங்குகிற மரத்தில் ஏற வேண்டும். உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம் என்றால் அதற்குள் பூச்சி விழுந்துவிடும். சத்தியமங்கலம் பக்கத்தில் யானைத்தடம் பார்த்துத்தான் எந்த ஓடைக்குப் போவது என்பதே முடிவாகும்.

பறிக்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிகள், ஊராளிகள், சோளகர்கள், இருளர்கள், குறும்பர்கள். (மலையாளிகள் என்றால் கேரளத்துக்காரர்கள் இல்லை; சேலம், நாமக்கல், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்ட மலைகளில் வாழும் பழங்குடியினர்.) அரசுக் கணக்கில் சீயக்காய்க்குப் பெயர் ‘சிறு வனப்பொருள்’. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே காட்டில் விளைகிற எதையும் எடுக்கிற உரிமையை ஏலம் விட்டுக் குத்தகைக்காரர் கையில் கொடுத்துவந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பறித்தவர்கள் கூலிக்குப் பறிக்கிறவர்களாக ஆனது அப்படித்தான். 1970களில் பழங்குடியினருக்கென்று பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. மலையில் அவற்றை ‘லேம்ப்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் அங்கே வாழ்கிறவர்களுக்கே உரிமை என்று எழுதிவைத்தது. எழுதிய உரிமை எந்த மலையில் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறது என்பது மலைக்கு மலை மாறும். கோத்தகிரியை மையமாகக் கொண்ட ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பறிப்பவர்களே பங்குதாரர்கள். எல்லா மலைக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை. பல இடங்களில் விலையை இன்றும் கீழேயிருந்து வண்டியோடு வருகிறவர்தான் சொல்கிறார்.

பறித்ததும் பாறையில் காயப்போடுவார்கள். சூடேறின பாறைதான் மலையில் கிடைக்கிற நல்ல களம். இங்கே ஒரு மாலை மழை பெய்தால் போதும், காய் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். அப்படிக் கறுத்த காயும் மூட்டைக்குள் போகத்தான் செய்கிறது, குறைந்த விலைக்கு. அந்தக் காய் பிறகு எங்கே போகிறது என்று கேட்டால் வியாபாரிகள் சிரிப்பார்கள். தூளாகிவிட்டால் கறுப்பும் சிவப்பும் யாருக்குத் தெரியும்?

அதனால்தான் என் முதல் பரிந்துரை: முடிந்தவரை முழுக்காயாக வாங்குங்கள். நல்ல காய்க்குச் செம்பழுப்பு நிறம் இருக்கும். ஒடித்தால் மளுக்கென்று உடையும், வளைந்தால் ஈரம். குலுக்கினால் உள்ளே விதை ஆடும். நுரைக்கிற சத்து காயின் தோலிலும் சதையிலும்தான், விதையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் விதை எடையில் சேரும். விதை நீக்கிய காய்க்கு விலை கூடுதலாகச் சொல்வார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து ஒவ்வொரு காயாக உடைத்து விதை தட்டுகிற கூலி அதில் அடங்கியிருக்கிறது. அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில்.

மலையடிவாரச் சந்தையிலிருந்து மூட்டை சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கோ, ஈரோட்டுக்கோ, சென்னைப் பாரிமுனைக்கோ போய்ச் சேர்கிறது. அங்கிருந்து பிரிந்து நாட்டு மருந்துக் கடைகளுக்கு. சென்னைக்காரர்கள் மயிலாப்பூர் டப்பா செட்டி கடையைச் சொல்வார்கள். மற்ற ஊர்களில் கடைத்தெருவில் ஏதாவது ஒரு பழைய மரப்பெட்டிக் கடை. இந்தக் கடைகளில்தான் சீயக்காய்க்குக் கூட்டாளிகள் சேர்கிறார்கள்.

கூட்டாளிகளின் பட்டியல் வீட்டுக்கு வீடு நீளும். என் கணக்கில் ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், 100 கிராம் பூலாங்கிழங்கு, ஒரு கை காய்ந்த எலுமிச்சைத் தோல், ஆவாரம்பூ, செம்பருத்தி இலை போதும். பச்சைப்பயறு எண்ணெயை உறிஞ்சும். சீயக்காயின் கடுமையையும் தணிக்கும். வெந்தயம் தண்ணீர் பட்டதும் வழுவழுப்பாகும்; முடி சிக்கு விழாமல் சீப்பு இறங்குவது அதனால்தான். பூலாங்கிழங்கு வாசனைக்கு. நுரை அதிகம் வேண்டுகிறவர்கள் பூந்திக்கொட்டை சேர்ப்பார்கள். அதன் நுரை வலுவானது, வறண்ட முடியை இன்னும் வறட்டும். பட்டுப்புடவை துவைக்க அது உத்தமம், தலைக்கு அளவாக இருக்கட்டும்.

ஒரு பொருளைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். குளியல்பொடிப் பட்டியல் பலவற்றில் கார்போகரிசி இருக்கிறது. மணத்துக்கும் தோல் நோய்க்கும் என்று பழைய வழக்கம். அந்த விதையில் சோராலன் என்ற வேதிப்பொருள் உண்டு. அது தோலில் பட்ட பிறகு வெயில் அடித்தால் தோல் சிவந்து கருகி, கொப்புளம்கூட வரலாம். வெண்புள்ளி மருத்துவத்தில் அதே குணத்தைத்தான் அளந்து பயன்படுத்துகிறார்கள். அளக்கத் தெரிந்தவர்களிடம் அதை விட்டுவிட்டு நம் பொடியில் அது இல்லாமல் பார்த்துக்கொள்வதே நல்லது. குழந்தைகளுக்கு அரைக்கிற பொடியில் அறவே வேண்டாம்.

இனி மில். சீயக்காய் தூளாவது இங்கேதான். மாவு மில்லில் அரிசிக்கு ஒரு மெஷின், மிளகாய், மல்லிக்கு ஒரு மெஷின் இருக்கும். சீயக்காய்க்கென்று தனியாக வைத்திருப்பவர்கள் இன்று அருகிவிட்டார்கள். எங்கள் பகுதி மில்காரத் தம்பியிடம் பேரம் இப்படித்தான் நடக்கும்:

“அக்கா, இன்னிக்கு மல்லி ஓடுது. சீயக்கான்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொண்டாங்க. அன்னிக்குத்தான் கழுவுவோம்.”

“வெள்ளிக்கிழமை நான் ஊர்ல இல்லையே தம்பி. மிளகாய்க்கு முன்னாடி போட்டுத் தந்துடேன்.”

“போட்டுத் தரலாம்க்கா. அப்புறம் மிளகாத்தூள் கொண்டுபோனவங்க குழம்புல நுரை வருதுன்னு என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. நீங்க வந்து பஞ்சாயத்து பண்ணுவீங்களா?”

அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நம் பக்கமும் ஒரு பயம் உண்டு. முந்தின ஆள் அரைத்த மிளகாய் மெஷினில் ஒட்டியிருந்தால் நம் கண் என்ன ஆகும்? அதனால் முதலில் வருகிற இரண்டு கைப்பிடியை ஒதுக்கிவிடச் சொல்வார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளலாம். காய் நன்றாகக் காயாமல் கொண்டுபோனால் பிசின் மாதிரி ஒட்டி மெஷினை அடைத்துவிடும். மில்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். சீயக்காய் ஓடும்போது மில்லில் நிற்கிற அத்தனை பேரும் தும்முவார்கள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தும்மாமல் நிற்கிறவர் ஒருவர்தான். நாள் முழுக்க அதைச் சுவாசிக்கிற அந்த மனிதரின் நுரையீரலைப் பற்றி நம் ‘வீட்டுத் தயாரிப்பு’ பேசுவதில்லை.

அரைத்த தூள் சூடாக இருக்கும். உடனே டப்பாவில் அடைத்தால் வேர்த்துப் புழு வைக்கும். செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டு, மெல்லிய சல்லடையில் சலித்து, ஈரக்கை படாமல் எடுத்து வைத்தால் பல மாதம் கெடாது. தண்ணீர் கலந்த பிறகு கதை வேறு. கரைத்த விழுதில் கிருமி வளரத் தடை ஒன்றும் இல்லை. கடைச் சாமானில் அதற்கென்று பாதுகாப்புப் பொருள் சேர்த்திருப்பார்கள், நாம் சேர்ப்பதில்லை. அன்றன்றைக்குக் கரைத்து அன்றன்றைக்குத் தீர்த்துவிட வேண்டும். “வீட்டிலேயே சீயக்காய் ஷாம்பு செய்து மூன்று மாதம் வைத்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

தலையில் அது செய்கிற வேலைக்குக் காரணம் சபோனின். அதன் மூலக்கூறில் ஒரு பக்கம் எண்ணெயோடு சேரும், இன்னொரு பக்கம் சர்க்கரைக் கூறு, அது தண்ணீரோடு சேரும். தலையில் தேய்த்த நல்லெண்ணெயை ஒரு பக்கத்தால் பிடித்து, இன்னொரு பக்கத்தால் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போகும். சோப்பும் இதைத்தான் செய்கிறது. ஆனால் சோப்பு காரத்தன்மை உள்ளது, அதன் அமிலகார எண் 9, 10 வரை போகும். சீயக்காய்க் கரைசல் லேசான புளிப்பு. தலைத்தோலும் முடியும் இயல்பில் லேசான அமிலத்தன்மை உள்ளவை என்பதால், சோப்புப் போட்டுக் குளித்தால் வருகிற முரட்டுத்தனம் இதில் வருவதில்லை. இன்னொன்று, போர் தண்ணீர். கடினநீரில் சோப்பு சுண்ணாம்போடு கூடித் திரிந்து, வாளி ஓரத்தில் வெள்ளைப் படலமாக நிற்கும், முடியிலும் அதே படலம். சபோனினுக்கு அந்தத் தொல்லை கிடையாது. உப்புத்தண்ணீர் ஊர்க்காரர்கள் சீயக்காயை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

கண் எரிச்சலுக்கும் அதே சபோனின்தான் காரணம். சனி நீராடு என்று ஒரு தலைமுறையே அழுதுகொண்டு குளித்தது. ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று எண்ணெய்க் குளியலுக்கு நாள் வகுத்தவர்கள் குழந்தைகளின் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தீபாவளி விடியலில் மட்டும் அந்த எரிச்சலுக்குப் புண்ணியம் சேர்த்துவிட்டார்கள்: எண்ணெயில் லட்சுமி, சீயக்காயில் சரஸ்வதி, வெந்நீரில் கங்கை.

இந்தக் காயின் பயணம் நம் மலைகளோடு முடிவதில்லை. பர்மாவில் இதே காயோடு ஒரு மரப்பட்டையின் வழுவழுப்பான சாற்றைச் சேர்த்துத் தலை குளிப்பார்கள். திஞ்ஞான் புத்தாண்டில் பெரியவர்களின் தலையை அதில் கழுவிவிடுவது மரியாதை. வடதாய்லாந்தில் இந்தக் காயை ஊறவைத்த தண்ணீரை சோங்க்ரான் பண்டிகையில் பெரியவர்களின் கையில் ஊற்றி வாழ்த்துப் பெறுவார்கள். மூன்று நாட்டிலும் இது வருடப் பிறப்போடோ பண்டிகையோடோ ஒட்டிக்கொண்டது எப்படி என்று யாராவது மானுடவியலார் உட்கார்ந்து எழுத வேண்டும்.

நம் வீடுகளிலிருந்து சீயக்காய் வெளியேறியதில் கடலூருக்கு ஒரு பங்கு உண்டு. அந்த ஊர் சின்னி கிருஷ்ணன் பெரிய புட்டியில் விற்கிற பொருளையெல்லாம் சின்னப் பொட்டலத்தில் அடைத்து, கூலிக்காரர் கைக்கு எட்டுகிற காசுக்குக் கொடுக்க வேண்டும் என்று கிறுக்காக அலைந்தவர். அவருடைய பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பொட்டலத்தில் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் பிரிந்து வந்து 1983இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய், கூடியிருந்த கூட்டத்துக்கு நடுவே ஒரு சிறுவனின் தலையில் ஷாம்பு தேய்த்து, அலசி, முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். காலிப் பொட்டலங்களைக் கொண்டுவந்தால் புதுப் பொட்டலம் ஒன்று இலவசம் என்றார்கள். சீயக்காய்க்கு மில்லுக்குப் போக வேண்டும், கரைக்க வேண்டும், தலையில் தங்கிய தூளைச் சீவ வேண்டும், கண் எரிய வேண்டும். பொட்டலத்தைப் பல்லால் கிழித்தால் போதும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு எது வசதி என்று விளக்கத் தேவையில்லை. பாரம்பரியத்தைக் கைவிட்டார்கள் என்று அவர்கள் மேல் பழி போடுகிறவர்கள், விடியற்காலையில் நான்கு பேர் தலைக்குச் சீயக்காய் கரைத்துக் கொடுத்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

அதே நிறுவனம் கெவின்கேர் என்று வளர்ந்து, பின்னால் மீரா, கார்த்திகா என்ற பெயர்களில் சீயக்காயையே விற்றதுதான் வேடிக்கை. இப்போது சீயக்காய்ப் படம் போட்ட புட்டிகள் கடை அலமாரி நிறைய இருக்கின்றன. வாங்குவதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை அதிகம் உள்ளது முதலில் என்ற வரிசையில் அச்சிட்டிருப்பார்கள். தண்ணீர், அடுத்து சோடியம் லாரத் சல்பேட், அதற்குப் பிறகு பத்துப் பெயர் தாண்டிச் சீயக்காய்ச் சாறு என்று இருந்தால், நுரைப்பது எது என்பது தெளிவு. அது கெடுதல் என்று சொல்ல வரவில்லை. சீயக்காய்க்கென்று கொடுக்கிற காசு சீயக்காய்க்குப் போகவில்லை என்பதுதான் விஷயம்.

மீண்டும் தூளுக்குத் திரும்புகிறவர்களுக்கு இன்று இருக்கிற பெரிய எதிரி முடியுமில்லை, கண்ணுமில்லை, சாக்கடைக் குழாய். கிணற்றடியில் குளித்த காலத்தில் சீயக்காய்த் தண்ணீர் வாழைக்குப் போனது. அடுக்குமாடிக் குளியலறையில் அது சல்லடையில் தங்கி, முடியோடு சேர்ந்து கெட்டியாகி, கீழ்வீட்டுக் கூரையில் கசிவாகத் தெரியும். குழாய் சரிசெய்ய வருகிறவர் முதலில் கேட்கிற கேள்வி, “சீயக்கா போடுறீங்களாம்மா?”

இதற்கு வழி தூளைக் கைவிடுவதுதான், காயை அல்ல. ஏழெட்டு முழுக்காயை விதை நீக்கி இரவே ஊறப்போட்டு, காலையில் அதே தண்ணீரில் சிறுதீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கசக்கி வெள்ளைத்துணியில் வடிகட்டினால் கஷாயம் கிடைக்கும். கைப்பிடி வெந்தயத்தையும் கூடவே ஊறவைக்கலாம். தண்ணீருக்குப் பதில் அரைப்பங்கு சோறு வடித்த கஞ்சி சேர்த்தால் முடியில் நன்றாகப் பிடிக்கும். எண்ணெய் வைத்த தலைக்கு இரண்டு முறை ஊற்ற வேண்டியிருக்கும். நுரை ஷாம்பு அளவுக்கு வராது, வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். தூள் தலையில் தங்காது, குழாய் அடைக்காது, மில்லுக்கும் வேலை இல்லை. துணியில் மிஞ்சிய சக்கையை எறிய வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கை அது புளியோடு சேர்ந்து நன்றாக எடுக்கும். அதற்குப் பிறகும் ஏதாவது மிஞ்சினால் பூந்தொட்டி மண்ணில் கிளறிவிடலாம்.